நாக்பூர் வெயிலும் ரெண்டு ஹீட்சிங்க்கும்

"ஹீட்சிங்க்கா? உனக்கெதுக்குய்யா இந்த வேலை?" என்று தலைப்பைப் பார்த்ததும் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். வீட்டில் ஃபியூஸ் போனால்கூட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற ஆள். ஆனால் 2024 மே மாதம் இரண்டு வாரம் சர்வர் புராசஸர், ஹீட்சிங்க், தெர்மல் பேஸ்ட் என்றே அலைந்தேன். கடைசியில் பார்த்தால் இதுவும் ஒரு கணக்குதான். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மார்ஜின் இவ்வளவு. அதனால்தான் எழுதத் துணிந்தேன். வெயில் ஊர்களில் ஆபீஸ், கிளினிக், கடை என்று சர்வர் வைத்திருக்கும் நம் மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

விஷயம் இதுதான். இங்கே நாக்பூரில் ஒரு ஸ்கேன் சென்டர். நடத்துபவர் நம்ம தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஊர் வழக்கப்படி எனக்கு அண்ணாச்சி. (பெயர், இடம் எதுவும் சொல்லமாட்டேன். வாடிக்கையாளர் ரகசியம், பேங்க்காரன் பிழைப்பு!) சி.டி., எக்ஸ்ரே படங்களையெல்லாம் சேர்த்துவைத்து டாக்டர்களுக்கு அனுப்புவது ஒரே ஒரு சர்வர். புது சர்வர் வாங்க 4 லட்சத்து 85 ஆயிரத்துக்குக் கொட்டேஷனோடு கடன் கேட்டு வந்தார்.

"ஏன் அண்ணாச்சி, இருக்கிற சர்வருக்கு என்ன?"

"மதியம் ரெண்டு மணியானா பெட்டி தானா அணைஞ்சு போவுது தம்பி. சப்ளை பண்ணுன ஆளு, பழசாயிட்டு, மாத்திருங்கன்னு சொல்லிட்டான்."

அதற்கு முந்தைய வாரம் பக்கவாதம் என்ற சந்தேகத்தில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சி.டி. எடுத்தாகிவிட்டது. படம் நரம்பியல் டாக்டருக்குப் போகவேண்டிய நேரத்தில் சர்வர் படுத்துவிட்டது. மெஷின் திரையிலேயே படத்தைப் பார்த்து, போனில் சொல்லி, ஒருவழியாகச் சமாளித்தார்களாம். இருபது நிமிஷம் தாமதம். பக்கவாதத்தில் இருபது நிமிஷம் என்றால் என்ன என்று வீட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அண்ணாச்சி அதைச் சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை.

கடன் கொடுப்பதில் எனக்குச் சிரமமில்லை. அந்தக் காலாண்டு டார்கெட்டுக்கு ஆகும். ஆனால் கொடுக்கும் முன் நேரில் போய்ப் பார்ப்பது விதி. போனேன்.

காலண்டர் பார்த்து அணைகிற மெஷின்

சர்வர் இருந்தது மாடிப்படிக்கு அடியில், கதவு போட்ட ஒரு சின்ன அறையில். ஏ.சி. கிடையாது. சி.டி. அறையில் மட்டும்தான் ஏ.சி. ஹாலில் ஒரு பெரிய டெசர்ட் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. (நம்மூரில் பார்த்திராதவர்களுக்கு: சுற்றிலும் புல்தட்டி, உள்ளே தண்ணீர், நடுவில் ஃபேன். விதர்பாவில் கோடைகாலத்தில் இது இல்லாத வீடே கிடையாது.) அறைக் கதவைத் திறந்ததும் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது.

ஒன்று கவனித்தேன். ஜனவரியில் ஒருநாள்கூட அணையவில்லை. மார்ச் கடைசியில் ஆரம்பித்து, ஏப்ரலில் வாரம் ஒருமுறை, மே மாதம் தினமும். அதுவும் மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள். மெஷினுக்கு வயசாகிவிட்டது என்றால் காலண்டர் பார்த்தா வயசாகும்?

புனேயில் ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்க்கும் அக்கா பையனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, மாத்தச் சொன்ன ஆளு மூடியைக் கழட்டிப் பாத்தாரா?"

"தெரியலடா."

"முதல்ல மேனேஜ்மென்ட் போர்ட்ல டெம்பரேச்சர் லாக் எடுங்க. சர்வர் பொய் சொல்லாது."

எடுத்தோம். பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி தேதி, நேரம், டிகிரி என்று வரிசையாக இருந்தது. முன்பக்கம் உள்ளே போகும் காற்றே மதியம் 39 டிகிரி. முதல் புராசஸர் சூடு. அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது புராசஸர் அதைவிடப் பத்து, பன்னிரண்டு டிகிரி கூடுதல் சூடு. அணைந்த ஒவ்வொரு தடவையும் முதலில் எல்லையைத் தொட்டது இந்த இரண்டாவதுதான்.

புராசஸர் சூடேறினால் சட்டென்று சாகாது என்று பையன் விளக்கினான். முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதுதான் "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று ஊழியர்கள் புலம்புவார்கள். அதற்கும் அடங்காமல் சூடு ஏறி ஆபத்தான எல்லையைத் தாண்டினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தையே துண்டித்துவிடும். அதாவது அணைவது நோய் அல்ல, தற்காப்பு.

ஹீட்சிங்க் என்ன செய்கிறது?

உள்ளே இருந்தவை இரண்டு இன்டெல் ஜியான் ஈ5-2680 வி4. 2016-ல் வந்தது, 14 கோர், டி.டி.பி. என்று போட்டிருப்பது 120 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்டவர்களுக்கு இது புரியும். அந்தச் சூடு முழுவதும் ஒரு பிஸ்கட் அகல உலோகத் தகட்டிலிருந்து வெளியே வரவேண்டும். தகட்டின் மேல் பேஸ்ட், பேஸ்ட்டின் மேல் ஹீட்சிங்க், ஹீட்சிங்க் தகடுகளின் நடுவே காற்று. சூடு கைமாறிக் கைமாறிப் போகிறது. ஒரு கை சோம்பினால் எல்லாம் தேங்கும்.

ஹீட்சிங்க் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே வரும் காற்றைவிடக் குறைவாகப் புராசஸரைக் குளிரவைக்க எந்த ஹீட்சிங்க்காலும் முடியாது. ஆகவே முதல் கேள்வி எந்த ஹீட்சிங்க் என்பதல்ல, உள்ளே போகும் காற்று எத்தனை டிகிரி என்பதுதான். அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் சர்வர் அறைகளுக்குப் பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி. ஏ2 என்ற வகைச் சர்வர்களுக்கு 35 வரை அனுமதி, ஏ3-க்கு 40, ஏ4-க்கு 45. நாக்பூரில் மே மாதம் வெளியே 45-ஐத் தொடுகிறது. மாடிப்படி அடியில் ஏ.சி. இல்லாமல் வைத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

டிராயிங் பவர் மாதிரி ஒரு கணக்கு

இனி என் துறை. :-)

ஹீட்சிங்க்கின் தரத்தை "ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி" என்று அளக்கிறார்கள். 0.3 என்றால் ஒவ்வொரு வாட்டுக்கும் 0.3 டிகிரி ஏறும். எண் சின்னதாக இருந்தால் நல்ல ஹீட்சிங்க். நமக்கு எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிப்பது சுலபம்:

(புராசஸர் உறை தாங்கும் டிகிரி – உள்ளே வரும் காற்றின் டிகிரி) ÷ வாட்

உறை தாங்கும் டிகிரியைத் தயாரிப்பாளரே ஒவ்வொரு மாடலுக்கும் கொடுத்திருப்பார். பேங்க்காரன் புத்தி, முழு லிமிட்டையும் கொடுக்க மனசு வராது. மார்ஜின் பிடித்து 80 என்று வைத்துக்கொண்டேன். காற்று 40 டிகிரி. 80-லிருந்து 40 போக 40. அதை 120-ஆல் வகுத்தால் 0.33. முதல் புராசஸருக்கு இது போதும்.

இரண்டாவதுக்கு? அதற்கு வருவது முதலாமவர் சுடவைத்து அனுப்பிய காற்று. ஹீட்சிங்க் வழியாக நிமிஷத்துக்கு 20 கன அடி காற்று போனால், 120 வாட் அதைக் கிட்டத்தட்ட 11 டிகிரி சூடாக்கும். ஆக இரண்டாவதுக்குக் கிடைப்பது 51 டிகிரிக் காற்று. 80-லிருந்து 51 போக 29. வகுத்தால் 0.24. ஒரே மாதிரி இரண்டு புராசஸர், ஆனால் பின்னால் நிற்பவருக்கு இன்னும் நல்ல ஹீட்சிங்க் வேண்டும். சில தயாரிப்பாளர்கள் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு வேறு வேறு ஹீட்சிங்க் கொடுப்பதே இதனால்தான். மாற்றிப் போட்டால் கதை கந்தல்.

இந்தக் கணக்கிலேயே இன்னொன்றும் புரியும். 2024-ல் வந்த ஏஎம்டி எபிக் 9005 வரிசையிலும் இன்டெல் ஜியான் 6 வரிசையிலும் 500 வாட் வரை போகும் புராசஸர்கள் உண்டு. 35 டிகிரி இடைவெளிதான் இருக்கிறது என்றால் 35-ஐ 500-ஆல் வகுக்கவேண்டும். 0.07. ஒடுக்கமான பெட்டியில் வெறும் காற்றை வைத்து இதைச் சாதிப்பது குதிரைக்கொம்பு. பெரிய டேட்டா சென்டர்கள் தண்ணீர்க் குழாய்க்குப் போவது பகட்டுக்காக அல்ல.

(டி.டி.பி. என்பது உச்சவரம்பு அல்ல. டர்போ வேகத்தில் சிறிது நேரம் அதைத் தாண்டியும் மின்சாரம் இழுக்கும். அதற்கும் சேர்த்துத்தான் மார்ஜின்.)

மூடியைக் கழற்றினோம்

ஞாயிற்றுக்கிழமை சென்டர் மூடியதும் பையன் வீடியோ காலில் வர, மூடியைக் கழற்றினோம். பெட்டி 2யூ உயரம், அதாவது 88.9 மில்லிமீட்டர். உள்ளே இருந்ததோ 1யூ பெட்டிக்கான குட்டை ஹீட்சிங்க். 1யூ என்பது 44.45 மில்லிமீட்டர். ஆக ஹீட்சிங்க்குக்கு மேலே பாதிக்கு மேல் வெற்றிடம். போதாக்குறைக்குக் காற்றை ஹீட்சிங்க்குக்குள் திருப்பிவிடும் பிளாஸ்டிக் கூண்டே இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சேர்த்துக் கட்டிய மெஷின். கிடைத்ததை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

"மாமா, காத்து சோம்பேறி. சுலபமான வழியிலதான் போகும்."

எனக்கு உடனே புரிந்தது. ஒரு கவுண்டரில் நீள வரிசை, பக்கத்துக் கவுண்டர் காலி என்றால் கூட்டம் எங்கே போகும்? நெருக்கமான தகடுகளுக்குள் நுழைவதைவிட மேலே இருக்கும் காலி இடத்தில் போவதுதான் காற்றுக்குச் சுகம். ஃபேன் என்ன கத்திச் சுற்றினாலும் காற்று ஹீட்சிங்க்கைத் தொடாமலே பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த வகை ஹீட்சிங்க்கில் சொந்த ஃபேன் கிடையாது. பெட்டியின் ஃபேன்களை நம்பியே பிழைப்பு. அப்படியிருக்க, கூண்டு இல்லாமல் ஹீட்சிங்க் மட்டும் இருந்து என்ன பயன்?

ஃபேனை வேகமாக்கினால் என்ன என்று கேட்டேன். வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு மடங்கு வரும், ஆனால் ஃபேன் தின்னும் மின்சாரம் எட்டு மடங்கு ஆகும், சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும் என்றான். நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் ஹாலுக்குப் பக்கத்தில் விமானம் கிளம்புகிற சத்தம் ஆகாது.

எதை வாங்குவது?

அளவுதான் முதலில். எல்ஜிஏ 2011-3 சாக்கெட்டில் இரண்டு ஜாதி உண்டு. திருகுத் துளைகள் 80-க்கு 80 மில்லிமீட்டர் சதுரமாக இருப்பது ஒன்று. 56-க்கு 94 என்று ஒடுங்கி நீண்டிருப்பது இன்னொன்று. புராசஸர் ஒன்றே, ஆனால் ஹீட்சிங்க் மாறிப் பொருந்தாது. நேரு பிளேஸ்காரர் ஒருவர் போனில் "எல்லா 2011-க்கும் போகும் சார்" என்று சதுரத்தைத் தள்ளப் பார்த்தார். மகள் பள்ளிக்கூட ஸ்கேலை வாங்கி அளந்தேன். 94 வந்தது. எபிக் புராசஸர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அது ரொம்ப அகலம். சாதாரண கம்ப்யூட்டர் கூலரின் அடித்தகடு முழுசாக மூடாது.

அடுத்து உயரம். 2யூ பெட்டிக்கு 2யூ ஹீட்சிங்க். சொந்த ஃபேன் வைத்த உயரமான டவர் கூலர் அருமையாக வேலை செய்யும், ஆனால் அதற்கு 4யூ பெட்டி வேண்டும்.

பிறகு உலோகம். தாமிரம் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் எடை மூன்று மடங்குக்கு மேல், விலையும் கூட. அதனால் அடித்தகடும் வெப்பக் குழாய்களும் தாமிரத்தில், தகடுகள் அலுமினியத்தில் என்று கலந்து செய்கிறார்கள். நாங்கள் வாங்கியது அந்த வகை. நம் வீட்டில் பருப்பு வேகவைக்கும் அடி தாமிரம் பூசிய பாத்திரத்தின் தத்துவம்தான்.

தகடுகளின் நெருக்கமும் முக்கியம். நெருக்கமாக இருந்தால் பரப்பு அதிகம், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் காற்றைத் தள்ள வலுவான ஃபேன் வேண்டும். தூசியும் சீக்கிரம் அடைக்கும். நம்ம ஊர்த் தூசிக்குச் சற்று இடைவெளி விட்ட தகடுகளே தேவலை. தகடுகளின் திசை முன்னிருந்து பின்னாகக் காற்றோட்டத்துக்கு இணையாக இருக்கவேண்டும். குறுக்கே இருந்தால் சுவர்.

கடைசியில் பேஸ்ட். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குழிகள் இருக்கும். அவற்றை நிரப்பத்தான் பேஸ்ட். தடிமனாகப் பூசினால் அதுவே தடை. பழையது சுட்ட மண் மாதிரி காய்ந்து கிடந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தோம். (ஸ்கேன் சென்டரில் அதற்கா பஞ்சம்!) புது ஹீட்சிங்க்கில் கம்பெனியே பேஸ்ட் பூசி அனுப்பியிருந்தால் மேலே நாம் பூசவேண்டாம். திருகுகளை மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். கார் டயர் மாட்டுகிறமாதிரிதான்.

அண்ணாச்சி நடுவில் ஒரு யோசனை சொன்னார். "ஹால் கூலரை அறைப் பக்கம் திருப்பிவிட்டா என்ன?" வேண்டாம் என்றோம். அது ஈரக் காற்று. மூடிய அறையில் ஈரமும் தூசியும் சேர்ந்தால் சர்க்யூட்டுக்கு ஆகாது. அதற்குப் பதில் அறைக் கதவில் கீழே ஜாலி வெட்டி, மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, சி.டி. அறை ஏ.சி. காற்று கொஞ்சம் இந்தப் பக்கம் வருகிறமாதிரி செய்தார்கள். அந்த அறையில் 400 வாட் சர்வர் ஓடுவது, கதவை மூடிவிட்டு உள்ளே 400 வாட் ஹீட்டர் போடுவதற்குச் சமம். சூடு வெளியே போக வழி வேண்டாமா?

செலவுக் கணக்கு

ஹீட்சிங்க் இரண்டு – 5,800
காற்றுக் கூண்டு – 1,400
பேஸ்ட் – 450
எக்ஸாஸ்ட் ஃபேன், ஜாலி, தச்சர் கூலி – 3,900
மொத்தம் – 11,550 ரூபாய்

கொட்டேஷன் 4,85,000. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். முதல் வருஷமே புத்தகத்தில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் கரைந்திருக்கும், ஈ.எம்.ஐ. மட்டும் கரையாது. அதைவிட முக்கியம், அந்தப் புது சர்வரும் அதே மாடிப்படி அடியில்தான் உட்கார்ந்திருக்கும்.

மாற்றிய வாரமே வெளியே 45 டிகிரி. மதியம் மூன்று மணி லாக்: உள்ளே வரும் காற்று 34, முதல் புராசஸர் 66, இரண்டாவது 73. அந்தக் கோடையில் பிறகு அணையவில்லை. 2025 கோடையிலும் அணையவில்லை. மாதம் ஒருமுறை தூசி ஊதச் சொல்லியிருக்கிறேன். ஊதுகிறார்கள்.

கடன் என் டார்கெட்டில் சேரவில்லை. "ஏன் அந்த புரபோசல் டிராப் ஆச்சு?" என்று மேலிடத்தில் கேட்டார்கள். "தேவை இல்லை என்று பார்ட்டியே வாபஸ் வாங்கிவிட்டார்" என்று எழுதினேன். உண்மைதானே. தேவையில்லாத கடன் நாளைக்கு வாராக்கடன் என்பது இருபது வருஷ சர்வீஸில் கற்ற பாடம்.

அண்ணாச்சியிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். ஒரு சி.டி. படத் துண்டு அரை எம்.பி. ஒரு நோயாளிக்கு 500 துண்டு என்றால் 250 எம்.பி. வருஷக்கணக்கான மனிதர்களின் படங்கள் அந்த ஒரே பெட்டியில். ஹீட்சிங்க் மெஷினைத்தான் காப்பாற்றும், படங்களை அல்ல. மிச்சமான பணத்தில் வேறு இடத்தில் இரண்டாவது பிரதி ஒன்று வையுங்கள் என்றேன். அடுத்த மாதமே வைத்துவிட்டார்.

உங்கள் ஆபீஸ் சர்வரும் கோடையில் மட்டும் அணைகிறதா? புதுசு வாங்கு என்று யாராவது சொன்னால், முதலில் லாக் கேளுங்கள், மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு ஸ்கேல், ஒரு கால்குலேட்டர் பக்கத்தில் இருக்கட்டும். பிப்ரவரியிலேயே செய்துவிடுங்கள். மே மாதத்தில் தச்சர்கூடக் கிடைக்கமாட்டார்.